காலித் தோட்டா யார் பெயரைச் சொல்லும்?



அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2028 சனவரி முதல் ஒரு புதிய விதி நடைமுறைக்கு வர இருக்கிறது. அங்குள்ள துப்பாக்கி வணிகர்கள் விற்கும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகள், சுடுகின்ற அந்த நொடியிலேயே தங்கள் அடையாளத்தைத் தோட்டாவின்மீது பொறித்துவிட வேண்டும். இந்த வசதி இல்லாத துப்பாக்கியைக் கடைக்காரர் விற்கக்கூடாது. 2023 செப்டம்பரில் அம்மாநில ஆளுநர் கேவின் நியூசம் இதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார்.

"காசிமேட்டில் மீன் விலையைப் பற்றிப் பேசாமல், கலிபோர்னியா துப்பாக்கியைப் பற்றி ஏன் ஃபாதர் எழுதுகிறார்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நம் வடசென்னையில் கொலை என்றால் அரிவாள்தான். அதைவிட்டால் நாட்டு வெடிகுண்டு. துப்பாக்கி அபூர்வம். ஆனால் துப்பாக்கியால் இறந்தவர்கள் நம் மாநிலத்தில் இல்லாமல் இல்லை. அவர்கள் எந்தத் துப்பாக்கியால் இறந்தார்கள் என்பதுதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய விடயம். அதற்கு முன் இந்தத் தொழில்நுட்பம் என்னவென்று பார்த்துவிடுவோம்.

தோட்டா என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு பகுதிகள் உண்டு. முனையில் இருப்பது குண்டு. அதன் பின்னால் வெடிமருந்தை அடக்கி வைத்திருப்பது பித்தளைக் குப்பி. விசையை இழுத்ததும் துப்பாக்கிக்குள் இருக்கும் ஒரு சிறு ஊசி குப்பியின் அடிப்பகுதியைத் தட்டுகிறது, மருந்து வெடிக்கிறது, குண்டு பறந்து போகிறது. அரைத் தானியங்கித் துப்பாக்கியாக இருந்தால் வெறும் குப்பி வெளியே தெறித்து, சுட்டவரின் காலடியிலேயே விழுகிறது. காவல்துறை "சம்பவ இடத்தில் காலித் தோட்டாக்கள் கைப்பற்றப்பட்டன" என்று சொல்வது இந்தக் குப்பிகளைத்தான். அந்தச் சிறு ஊசியின் முனையில் லேசர் கதிரால் கண்ணுக்குத் தெரியாத அளவில் எழுத்தும் எண்ணும் செதுக்கிவிட்டால், ஒவ்வொரு முறை தட்டும்போதும் அந்த எண் குப்பியில் பதியும். கொலையாளி துப்பாக்கியோடு ஓடிவிட்டாலும், தரையில் கிடக்கும் குப்பியை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் அது எந்தத் துப்பாக்கி, யாருக்கு விற்கப்பட்டது என்று தொடர முடியும். எண்ணம் இதுதான்.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு இதை விளக்க நான் சிரமப்படத் தேவையில்லை. 1950-களிலிருந்து நம் ஊரில் புல்லட் வண்டி செய்த என்ஃபீல்டு நிறுவனம், அந்தப் பெயரையே இங்கிலாந்தில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் ஊரிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. அதன் பழைய சின்னமே ஒரு பீரங்கி. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற எத்தனையோ பேர் நம் பங்குகளில் இருக்கிறார்கள். எண் அடிக்காத ஒரு என்ஜினாவது வாசலைத் தாண்டி வெளியே போனதுண்டா என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்கும் அப்படியே. கண்டெய்னர் கதவில் சீல் நம்பர் இல்லாவிட்டால் லாரி நகராது. காய்ச்சல் மாத்திரை அட்டையில்கூட பேட்ச் நம்பர் இருக்கிறது. உயிரைக் காக்கும் மாத்திரைக்கு இருக்கிற பதிவு, உயிரை எடுக்கும் தோட்டாவுக்கு வேண்டாமா?

கலிபோர்னியாவில் இந்தக் கேள்விக்கு விடை தேட இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. முதல் சட்டத்தில் 2007 அக்டோபரில் அன்றைய ஆளுநர், நடிகர் அர்னால்டு சுவார்செனேகர் கையெழுத்திட்டார். காப்புரிமைச் சிக்கல்களால் 2013 மே மாதம் வரை அது செயல்படவே இல்லை. செயல்படத் தொடங்கியதும் ஸ்மித் அண்ட் வெசன், ரூகர் போன்ற பெரிய நிறுவனங்கள், அப்படியானால் எங்கள் புதிய வகைத் துப்பாக்கிகளை அங்கே விற்கமாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டன. உற்பத்தியாளர்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2018-ல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. 2023-ல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பத்தாண்டுகளில் இந்த வசதியுடன் ஒரு புதிய துப்பாக்கிகூட கடைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் 2028-ஐக் குறிவைக்கும் புதிய சட்டம். நியூயார்க்கும் நியூஜெர்சியும் 2022-ல் இதே வழியில் சட்டம் செய்துள்ளன.

எதிர்ப்பாளர்கள் சொல்வதை எல்லாம் வணிகப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. ஊசியின் முனையை அரம் கொண்டு இரண்டு முறை தேய்த்தால் எழுத்து போய்விடும் என்கிறார்கள்; உண்மைதான். ரிவால்வர் காலித் தோட்டாவை வெளியே தள்ளாது, அதனால் அங்கே இது உதவாது, அதுவும் உண்மை. சுடும் பயிற்சிக் கூடத்தில் பொறுக்கிய யாரோ ஒருவருடைய குப்பிகளைக் கொலை நடந்த இடத்தில் தூவிவிட்டுப் போனால்? இதையும் மறுக்க முடியாது. மேரிலாந்து மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு வேறொரு முறையைக் கொண்டுவந்தார்கள். விற்கப்படும் ஒவ்வொரு கைத்துப்பாக்கியிலும் சுட்டுப் பார்த்த ஒரு காலித் தோட்டாவை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்று இலட்சத்துக்கும் மேல் குப்பிகள் சேர்ந்தன. ஒரு வழக்குகூட அதனால் துலங்கவில்லை என்று சொல்லி 2015-ல் மூடிவிட்டார்கள். நல்ல எண்ணம் மட்டும் ஒரு சட்டத்தைப் பயனுள்ளதாக்கிவிடாது.

ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று. கலிபோர்னியாவில் எந்தத் துப்பாக்கியைக் கடையில் விற்கலாம் என்று சொல்லும் பட்டியல் விதிகளில் காவல்துறைக்கு விலக்கு உண்டு. சாதாரணக் குடிமகனின் துப்பாக்கி தன் பெயரைச் சொல்ல வேண்டும்; சீருடை அணிந்தவரின் துப்பாக்கி சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரிலிருந்து பார்க்கும்போது இந்தச் சட்டம் தலைகீழாக நிற்பதுபோல் எனக்குத் தெரிகிறது.

நம் நாட்டின் நிலைமை என்ன? 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் எட்டாம் பிரிவு, அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்கிறது. குறியை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். அந்தச் சட்டம் 2019 டிசம்பரில் திருத்தப்பட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. கல்யாண ஊர்வலத்தில் மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுடுவதும் தண்டனைக்குரியதானது. (நாம் சரவெடியோடு நிறுத்திக்கொள்கிறோம், நன்றி இறைவா.) இவற்றுக்கிடையே செய்தித்தாள்கள் அதிகம் கவனிக்காத ஓர் அம்சமும் இருந்தது. துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் உற்பத்தியாளரிடமிருந்து வாங்குபவர்வரை தொடர்ந்து கண்காணிக்க விதிகள் செய்யும் அதிகாரத்தை மத்திய அரசு அத்திருத்தத்தில் எடுத்துக்கொண்டது. ஆக, வழி திறந்துதான் இருக்கிறது.

தோட்டா பேசும் என்பதற்கும் நம் நாட்டில் சான்று உண்டு. கன்னட அறிஞர் கல்புர்கி 2015 ஆகஸ்டு 30 அன்று தார்வாடில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூருவில் தம் வீட்டின் முன் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு ஊர்கள், இரண்டு ஆண்டு இடைவெளி. கர்நாடகத் தடய அறிவியல் கூடம் இரண்டு இடங்களிலும் கிடைத்த குண்டுகளையும் காலித் தோட்டாக்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு உயிர்களையும் எடுத்தது ஒரே 7.65 மி.மீ. நாட்டுக் கைத்துப்பாக்கி என்று சொன்னது. யாரும் அதில் எழுத்துப் பொறிக்கவில்லை. ஊசி தட்டிய தடமும் குழல் உரசிய கோடுகளும் இயல்பாகவே விட்டுப்போன கையொப்பம் அது. ஆனால் அந்தக் கையொப்பத்துக்கு ஒரு குறை உண்டு. இரண்டு கொலைகளையும் ஒரே துப்பாக்கி செய்தது என்று அது சொல்லும். துப்பாக்கி யாருடையது என்று சொல்லாது. நாட்டுத் துப்பாக்கிக்கு எண்ணும் இல்லை, விற்ற கடையும் இல்லை, வாங்கியவர் பெயரும் இல்லை. பீகாரின் முங்கேர் போன்ற இடங்களில் குடிசைத் தொழில்போலச் செய்யப்படுகிற அவற்றை, கடைக்காரரைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டமும் தொடாது. நம் மலையோரக் கிராமங்களில் பன்றி விரட்ட வைத்திருக்கும் குழல் துப்பாக்கிகளுக்கோ தோட்டாவே கிடையாது, கருமருந்தும் ஈயமும்தான்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியை ஒரு பட்டறையில் செய்துவிடலாம். தோட்டாவை அவ்வளவு எளிதில் செய்ய முடியாது. பிடிபடும் நாட்டுக் கைத்துப்பாக்கிகளோடு கிடைக்கும் தோட்டாக்களின் அடியைப் பார்த்தால் பலமுறை 'கே.எஃப்.' என்ற எழுத்துகள் தெரியும். அது புனே அருகே கட்கியில் உள்ள அரசு வெடிபொருள் தொழிற்சாலையின் முத்திரை. அதாவது, துப்பாக்கி கள்ளத்தனமானது, தோட்டா அரசாங்கத்தினுடையது. உரிமம் பெற்ற கடையிலிருந்தோ, கிடங்கிலிருந்தோ, வேறெங்கிருந்தோ கசிந்தது. எந்த ஓட்டை வழியாகக் கசிந்தது என்பதைத்தான் அந்த இரண்டு எழுத்துகள் சொல்வதில்லை. தொழிற்சாலையின் பெயரோடு, இந்தத் தோட்டா எந்தத் தொகுதியில் செய்யப்பட்டு யாருக்கு அனுப்பப்பட்டது என்ற எண்ணும் அதே இடத்தில் இருந்தால்?

பிரேசில் நாடு அதைச் செய்திருக்கிறது. உலகிலேயே கத்தோலிக்கர் மிக அதிகமாக வாழும் நாடு. துப்பாக்கிச் சாவுகளும் மிக அதிகம். 2003 டிசம்பரில் அங்கே வந்த ஆயுதக் களைவுச் சட்டம், காவல்துறைக்கும் படைகளுக்கும் விற்கப்படும் தோட்டாக்களின் அடியில் தொகுதி எண்ணும் வாங்கிய துறையின் அடையாளமும் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. கலிபோர்னியா குடிமகனின் துப்பாக்கியில் தொடங்கியது. பிரேசில் அரசின் தோட்டாவில் தொடங்கியது.

2011 ஆகஸ்டில் அதன் பலன் தெரிந்தது. பத்ரீசியா அசியோலி ஒரு நீதிபதி. ரியோ டி ஜெனிரோ அருகில் உள்ள சாவோ கொன்சாலோ நகரில், காவலர்கள் இளைஞர்களைக் கொன்றுவிட்டு 'எதிர்த்துச் சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம்' என்று எழுதிவைத்த வழக்குகளைத் துணிவோடு விசாரித்து வந்தவர். நம் மொழியில் சொன்னால், என்கவுன்டர் வழக்குகள். ஒருநாள் இரவு தம் வீட்டு வாசலில் காரில் இருந்தபடியே 21 குண்டுகள் பாய்ந்து இறந்தார். கிடைத்த காலித் தோட்டாக்களின் எண்ணைப் பார்த்தார்கள். காவல்துறைக்காக வாங்கப்பட்ட தொகுதி. அதிலிருந்து தோட்டா பெற்ற படைப்பிரிவுகளில் ஒன்று அவர் விசாரித்து வந்த அதே சாவோ கொன்சாலோ காவலர்களின் பிரிவு. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மற்ற சான்றுகளையும் சேர்த்து, படைப்பிரிவின் தலைவர் உட்பட 11 காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

அதே நாட்டில் அதே சட்டம் தடுமாறியதும் உண்டு. 2018 மார்ச் 14 அன்று ரியோ நகர மன்ற உறுப்பினர் மரியல் பிராங்கோ, காரில் போகும்போது ஓட்டுநரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்து, காவல்துறை வன்முறையைக் கேள்வி கேட்ட பெண்மணி. அங்கே கிடந்த குப்பிகளில் 'யு.இசட்.இசட். 18' என்ற தொகுதிக் குறி இருந்தது. 2006-ல் கூட்டாட்சிக் காவல்துறைக்கு விற்கப்பட்டது. ஆனால் ஒரு தொகுதியில் 10,000 தோட்டாக்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியை மீறி, அந்த ஒரே எண்ணில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான தோட்டாக்கள் நாடு முழுவதும் போயிருந்தன. 2015-ல் சாவோ பாவுலோ அருகே நடந்த ஒரு படுகொலையிலும் அதே குறியுள்ள குப்பிகள் கிடந்தன. எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண் கொடுத்தால் தபால்காரர் எங்கே போவார்? கொலையாளிகளான இரண்டு முன்னாள் காவலர்களுக்கு 2024 அக்டோபரில்தான் தண்டனை கிடைத்தது; அதற்கு வேறு சான்றுகள் தேவைப்பட்டன. எண் இருந்தால் போதாது, அது சிறிய தொகுதிக்கு உரிய எண்ணாக இருக்க வேண்டும் என்பது பிரேசில் மிகுந்த விலை கொடுத்துக் கற்ற பாடம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். தூத்துக்குடியில் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் போனார்கள். அன்றும் மறுநாளும் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 17 வயதுச் சிறுமி ஒருவர். காவல்துறை வாகனத்தின் மேல் ஏறி, சீருடை இல்லாத ஒருவர் நீண்ட துப்பாக்கியால் குறிபார்த்த காட்சியை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். யார் சுட்டார், யார் உத்தரவிட்டார், எத்தனை குண்டுகள் என்ற கேள்விகளுக்கு விடை வர எவ்வளவு காலம் ஆயிற்று? ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் தன் இறுதி அறிக்கையை 2022 மே மாதம் அரசிடம் கொடுத்தது. அது அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள். ஓடிக்கொண்டிருந்தவர்கள்மேல் தேவையின்றிச் சுடப்பட்டது என்றும், ஒரே காவலர் பல இடங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டு 17 சுற்றுகள் சுட்டார் என்றும் ஆணையம் கண்டறிந்தது. காவல்துறையைச் சேர்ந்த 17 பேர்மேலும் வருவாய்த் துறையினர்மேலும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் அது எந்தப் பிரிவுக்கு வழங்கப்பட்டது என்ற எண் இருந்திருந்தால், குறைந்தது 'எந்தத் துப்பாக்கிப் பிரிவு, எந்த இடத்தில்' என்ற முதல் கேள்விக்கு அன்று மாலையே விடை கிடைத்திருக்கும். நான்கு ஆண்டுகள் எதற்கு?

நம் பகுதிக்கு இன்னும் அருகில் வருவோம். 2024 சூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒன்பது நாட்கள் கழித்து, அந்த வழக்கில் கைதாகிக் காவலில் இருந்த ஒருவர் ஆயுதங்களைக் காட்டுவதற்காக மாதவரம் பக்கம் அழைத்துச் செல்லப்பட்டபோது சுட்டுக் கொல்லப்பட்டார். மறைத்து வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியால் அவர் எங்களைச் சுட்டார், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. செப்டம்பரில் வியாசர்பாடியில் ஒருவர், அடுத்த சில நாட்களில் நகரின் தென்புறத்தில் இன்னொருவர். ஏறத்தாழ அதே விளக்கம். இந்தச் செய்திகள் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பலி முடிந்து வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்களின் முகத்தில் நிம்மதியைப் பார்த்தேன். "ஒழிஞ்சான் ஃபாதர், இனிமே புள்ளைங்க நிம்மதியா ரோட்ல நடக்கும்" என்றார் ஒரு தாய். அவருடைய பயம் உண்மையானது. மாமூல் கேட்டு மிரட்டப்பட்ட கடைக்காரர்களும், சகோதரனை வெட்டுக்குப் பறிகொடுத்த பெண்களும் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சட்டம் பேசுவது எளிதன்று.

ஆனாலும் பேசத்தான் வேண்டியிருக்கிறது. தம்பியைக் கொன்ற காயீனின்மேல் இறைவன் ஓர் அடையாளம் இட்டார் என்று தொடக்க நூலில் வாசிக்கிறோம். அதை அவமானக் குறி என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காயீனைக் காண்பவர் யாரும் அவனைக் கொன்றுவிடக்கூடாது என்பதற்காக இடப்பட்ட அடையாளம் அது. கொலைகாரனின் உயிருக்கும் கணக்குக் கேட்கப்படும் என்பதன் குறி.

2014 செப்டம்பர் 23 அன்று நம் உச்ச நீதிமன்றம், மக்கள் குடிமை உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 16 நெறிமுறைகளை வகுத்தது. காவல்துறைச் சூட்டில் ஒருவர் இறந்தால் வேறு காவல்நிலையமோ சி.ஐ.டி.-யோதான் விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை கட்டாயம். துப்பாக்கி, குண்டு, காலித் தோட்டா எல்லாவற்றையும் சேகரித்துப் பாதுகாக்க வேண்டும். சுட்ட காவலர் தம் ஆயுதத்தைத் தடய அறிவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். எவ்வளவு தெளிவான வார்த்தைகள்! ஆனால் காலித் தோட்டாவைச் சேகரிக்கச் சொன்னால் மட்டும் போதுமா? இறந்தவர் சுட்டதாகச் சொல்லப்படும் தோட்டா எங்கிருந்து அவர் கைக்கு வந்தது என்று அது சொல்ல வேண்டாமா? அவர் சுட்டது உண்மையென்றால், காவல்துறைக்குச் சொந்தமில்லாத தொகுதியின் எண் அதில் இருக்கும். நேர்மையான காவலருக்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. காவல்துறைக்கு வழங்கப்பட்ட எண்ணே அதில் இருந்தால், அந்தக் கேள்வியை நான் இங்கே எழுதி முடிக்க வேண்டியதில்லை.

இதனால் காவல்துறைக்கு வேலைப்பளு கூடும் என்று யாரேனும் சொல்லலாம். ஆயுதப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பங்குமக்கள் எனக்குச் சொன்னார்: சுடும் பயிற்சி முடிந்ததும் எல்லாரும் மணலில் மண்டியிட்டுக் குப்பிகளைத் தேடுவார்களாம். கொடுத்த தோட்டாவின் எண்ணிக்கையும் திரும்ப வந்த குப்பியின் எண்ணிக்கையும் சரியாக இருந்தால்தான் பதிவேட்டில் கையெழுத்தாகும். ஒன்று குறைந்தாலும் சாப்பாடு கிடையாது. எண்ணிக்கைக்கு இவ்வளவு கணக்கு வைத்திருக்கும் துறைக்கு, எண்ணுக்குக் கணக்கு வைப்பது புதுச் சுமையாகாது.

கலிபோர்னியாவில் தடையாக நின்றவை தனியார் நிறுவனங்கள். இங்கே அரசுக்குத் தோட்டா செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் பெரும்பாலும் அரசினுடையவை. 2021 அக்டோபரில் பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, வெடிபொருள் ஆலைகள் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின்கீழ் வந்தன. செய்பவரும் அரசு, வாங்குபவரும் அரசு. வழக்குப் போட ஆளில்லை. ஆனால் இந்த நிலை நெடுநாள் நீடிக்காது. 2024 பிப்ரவரியில் அதானி குழுமம் கான்பூரில் பெரிய தோட்டா ஆலையைத் திறந்துவிட்டது. சந்தை வளர்ந்தபின் விதி செய்யப் போனால் கலிபோர்னியாவின் கதைதான் நமக்கும்.

மீனவ மக்கள் என்னிடம் கேட்கக்கூடிய ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கடலில் சுடுகிறார்களே, அதற்கு இது உதவுமா? உண்மையைச் சொல்ல வேண்டும்: பெரும்பாலும் உதவாது. 2017 மார்ச் 6 இரவு கச்சத்தீவு அருகே தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் படகிலேயே குண்டடிபட்டு இறந்தார். இலங்கைக் கடற்படைதான் சுட்டது என்றார்கள் உடனிருந்த மீனவர்கள். நாங்கள் சுடவில்லை என்றது கடற்படை. ஒரு வாரம் போல அந்தப் பையனின் உடலை அடக்கம் செய்யாமல் ஊரே நீதி கேட்டு அமர்ந்திருந்தது. குண்டு நம் பையனின் உடலுக்கு வந்தது. எண் பதிந்த குப்பி இருந்திருந்தாலும் அது சுட்டவரின் கப்பல் தளத்தில்தான் விழுந்திருக்கும், அல்லது கடலில். குண்டின் மேலுள்ள கீறல்களை ஒப்பிட வேண்டுமானால் அவர்களுடைய துப்பாக்கிகள் சோதனை மேசைக்கு வர வேண்டும். அவை வரவில்லை.

வந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில், புனித அந்தோணியாரின் பெயர் தாங்கிய படகில் இருந்த இரண்டு மீனவர்கள் 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்த படைவீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் குமரி மாவட்டத்தவர். அந்தக் கப்பல் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டது, துப்பாக்கிகள் கைப்பற்றப்பட்டன, திருவனந்தபுரம் தடய அறிவியல் கூடத்தில் குண்டுகள் அவற்றோடு பொருந்தின. வழக்கு பன்னாட்டு நடுவர் மன்றம்வரை போய், அவ்வீரர்களை இந்தியாவில் விசாரிக்க முடியாது என்று 2020 சூலையில் முடிவாகி, 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021 சூனில் நம் உச்ச நீதிமன்றத்தில் மூடப்பட்டது. நீதி கிடைத்ததா என்று கேட்டால் என் பதில் தயங்கும். ஆனால் யார் சுட்டது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. தங்கச்சிமடத்துத் தாய்க்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

சிறு ஆயுதங்களில் குறியிட்டுத் தடம்காண 2005 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஏற்ற பன்னாட்டு ஆவணம் இருக்கிறது. அதிலும் தோட்டாக்கள் சேர்க்கப்படவில்லை. ஆயுத வணிகத்தை நெறிப்படுத்தும் உடன்படிக்கை 2013 ஏப்ரலில் வாக்கெடுப்புக்கு வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. நம் திருஅவை இதில் வெகுநாட்களாகவே தெளிவாக இருக்கிறது: நீதி மற்றும் அமைதிக்கான திருப்பீட அவை 1994-லேயே ஆயுத வணிகத்தைப் பற்றித் தனி ஏடு வெளியிட்டது, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 செப்டம்பரில் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் நடுவில் நின்று, இந்த ஆயுதங்கள் ஏன் விற்கப்படுகின்றன என்று கேட்டு, பணத்துக்காகத்தான் என்று தாமே விடையும் சொன்னார். கைதட்டியவர்களில் எத்தனை பேர் அன்று மாலை அதை நினைத்தார்களோ!

நம்மால் ஆகக்கூடியது ஒன்று உடனடியாக இருக்கிறது. காவல்துறைச் சூட்டில் ஒருவர் இறந்தபின் நடக்கும் நடுவர் விசாரணையில், சம்பவத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் வந்து சாட்சியம் அளிக்கலாம் என்று நாளிதழ்களில் அறிவிப்பு வருவதுண்டு. சிறிய எழுத்தில், உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே இருக்கும். இனி அப்படி நம் பகுதியைப் பற்றி ஏதேனும் வந்தால், அதை வெட்டி எடுத்து அன்பியக் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். பார்த்தவர் யாரேனும் இருந்தால், அவரோடு துணைக்குப் போக இரண்டு பேர் முன்வாருங்கள். விசாரணையில் கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதிக் கொண்டுபோங்கள்: காலித் தோட்டாக்கள் எத்தனை கிடைத்தன, அவற்றின் அடியில் என்ன எழுதியிருந்தது, சுட்டவரின் துப்பாக்கி எந்தத் தேதியில் சோதனைக்கு ஒப்படைக்கப்பட்டது. மனு எழுதித் தர ஆள் வேண்டுமானால் மாலை ஆறு மணிக்குமேல் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள்.